ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம்

தையல்காரர் அளவு தப்பாக வெட்டியிருந்தால் சட்டையைப் போட்டுப் பார்த்த அன்றைக்கே தெரிந்துவிடும். சண்டை போடலாம், பிரித்துத் தைக்கச் சொல்லலாம். போட்டோகிராஃபர் செய்கிற தப்பில் பாதி அப்படி உடனே தெரிவதில்லை. கண் மூடியது, தலை வெட்டுப்பட்டது, முகம் இருட்டியது எல்லாம் கவரைப் பிரித்ததும் தெரியும். நான் சொல்வது அதையல்ல. படத்தை வாங்கிப் பணத்தைக் கொடுத்து, ஆல்பத்தில் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டி, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத் திறக்கும்போது வெளியே வருகிற தப்பு ஒன்று உண்டு. அந்த நேரத்தில் ஸ்டுடியோ இருக்காது, எடுத்தவர் இருக்க மாட்டார், ரசீதும் இருக்காது. யாரிடம் போய்க் கேட்பது?

என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்று. எதை வேண்டுமானாலும் வாங்கு, இன்றைக்குக் கடையில் மோசமான கேமரா என்று ஒன்று கிடையாது என்று சொல்வேன். அவர்களுக்கு முகம் சுருங்கிப்போகும். லைட்டிங் பற்றி ஏதாவது ரகசியம் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பார்கள். நான் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

கும்பகோணத்தில் நான் தொழில் பழகிய ஸ்டுடியோவில் டார்க் ரூம் என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு இடுக்கு. சிவப்பு விளக்கு, மூன்று ட்ரே. முதல் ட்ரேயில் டெவலப்பர், இரண்டாவதில் தண்ணீர், மூன்றாவதில் ஹைப்போ. டெவலப்பரில் பேப்பரைப் போட்டு ட்ரேயை மெல்ல ஆட்டினால், வெள்ளைத் தாளில் முதலில் தலைமுடி வரும், பிறகு புருவம், பிறகு கண். பார்க்கிறவர்களுக்கு அதுதான் மாயம். பள்ளிக்கூடப் பையன்களைக் கூட்டி வந்து காட்டினால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் என் முதலாளி அந்த ட்ரேயைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அவருக்கு எல்லாக் கவலையும் மூன்றாவது ட்ரேயிலும் அதற்கு அப்புறம் வருகிற வாளியிலும்தான்.

காரணம் இருக்கிறது. ஹைப்போ என்று நாங்கள் சொல்லும் உப்பு, ஒளி படாத வெள்ளி உப்புகளைக் கரைத்துவிடும். 1819-லேயே இந்தக் குணத்தைக் கண்டு சொன்னவர் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி. இருபது வருஷம் கழித்துப் புகைப்படக் கலை பிறந்தபோது, எடுத்த படம் வெளிச்சத்தில் கறுத்துப்போகாமல் நிற்க அதுவே வழியாக அமைந்தது. ஆனால் படத்தைக் காப்பாற்றுகிற அதே ஹைப்போ, வேலை முடிந்த பிறகும் பேப்பருக்குள் தங்கிவிட்டால் படத்தைத் தின்ன ஆரம்பிக்கும். அதிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பழுப்பாகும். முதலில் ஓரம், பிறகு முகம். பழைய வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் டீக்கறை போல ஒரு மஞ்சள் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயதானால் படம் அப்படித்தான் ஆகும் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எல்லாம் வயதினால் அல்ல. பல படங்களை எவனோ ஒருவன் சரியாகக் கழுவவில்லை.

அந்தக் காலத்துக் கனமான பேப்பரை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் அலச வேண்டும். வாளியில் முக்கி எடுத்தால் போதாது, தண்ணீர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் குழாயில் காற்றுதான் வரும். கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றித் தோள்பட்டை கழன்றுபோகும். அதே மாதங்களில்தான் கல்யாணங்களும் அடுத்தடுத்து வரும். கால் மணி நேரம் அலசிவிட்டு எடுத்து கிளேசிங் ஷீட்டில் ஒட்டிக் காயவைத்தாலும் பளபளவென்றுதான் இருக்கும். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியாது. அன்றைக்கு உலகத்தில் யாருக்குமே தெரியாது.

என் முதலாளி மருந்துக்கடையில் பொட்டாசியம் பர்மாங்கனேட் வாங்கி வைத்திருப்பார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு, ஊதாச் சாயம் லேசாக ஏறும் அளவுக்குத் துளி கலப்பார். அலசிய படத்தின் ஒரு மூலையைப் பிடித்து டம்ளருக்கு மேலே தூக்கிச் சொட்டவிடுவார். ஊதா வெளுத்தால் ஹைப்போ இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி வாளிக்குப் போக வேண்டும். நிறம் அப்படியே நின்றால் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான், வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். வேலைக்கு இருந்த நாங்கள் அந்த டம்ளரைச் சபித்திருக்கிறோம். ராத்திரி சாப்பாட்டு நேரத்தை அதுதான் தீர்மானிக்கும்.

சரி, அவசரம் என்று வருகிறவர்களை என்ன செய்வது? மறுநாள் கடைசித் தேதி, விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டும் என்று ஓடி வருவார்கள். ஒரு மணி நேரம் அலசிக்கொண்டிருந்தால் தபால் போய்விடும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். அரைகுறையாக அலசி, துணியில் ஒற்றி, விசிறி வைத்துக் காயவைத்துக் கொடுத்துவிடுவார். கொடுக்கும்போதே, "தம்பி, இது ஒட்டி அனுப்புறதுக்கு மட்டும்தான். வீட்டுக்கு வேணும்னா நாளைக்கு வா, வேற போட்டுத் தர்றேன்" என்பார். காசு ஒன்றுதான். நான் இந்தத் தொழிலில் கற்றதில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. முழு வேலையைச் செய். செய்ய முடியாத இடத்தில் செய்யவில்லை என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கு.

பேப்பரும் ஃபிலிமும் எங்களுக்கு ஊட்டியிலிருந்து வந்தன. 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் போட்டது. அரசாங்கத் தொழிற்சாலை. இன்று அது இல்லை. கலர் வந்த பிறகு டார்க் ரூம் பூட்டப்பட்டது, ரோல்கள் மெட்ராஸ் லேபுக்கு பஸ்ஸில் போய்த் திரும்பின. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்ட கலர் படங்கள் பல இப்போது சிவந்துபோய்க் கிடக்கின்றன. பாவம், அதற்கு எடுத்தவனைக் குற்றம் சொல்ல முடியாது, அந்தக் காலத்துச் சாயம் அப்படி.

நெகட்டிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படத்தை வாங்கிப் போனவர்கள் நெகட்டிவைக் கேட்பதில்லை. அது எங்கள் அலமாரியிலேயே தங்கிவிடும். கவரில் போட்டு, மேலே எண்ணும் தேதியும் பெயரும் எழுதி, நோட்டில் பதிந்து வைக்க வேண்டும். ஒரு நாளின் கடைசியில், கடையைக் கட்டும் நேரத்தில், இந்த வேலையைச் செய்ய எவனுக்கும் கை வராது. அதற்குக் கூலியும் கிடையாது. காவிரிப் பக்கத்து ஈரத்தில் கரையான் ஒரு பக்கம், பூஞ்சை ஒரு பக்கம். அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கெட ஆரம்பித்தால் அலமாரியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடிக்கும். அந்த வாடை வந்த கவரை உடனே பிரித்து வேறு இடத்தில் வைக்காவிட்டால் பக்கத்திலிருப்பதும் கெடும்.

இதற்கு நடுவில் தெருவில் ஒருவர் சைக்கிளில் வருவார். பழைய நெகட்டிவ், எக்ஸ்ரே ஃபிலிம், தீர்ந்துபோன ஹைப்போத் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொள்வார். அவற்றிலுள்ள வெள்ளிக்காக. எடை போட்டுக் காசு கொடுப்பார். ஹைப்போத் தண்ணீரைத் தாராளமாக விற்கலாம், அதில் யாருடைய முகமும் இல்லை. ஆனால் நெகட்டிவ்? இடம் அடைக்கிறது, யாரும் கேட்டு வருவதில்லை, மழைக்காலத்தில் தொல்லை, மேலே காசும் வருகிறது. எத்தனையோ ஸ்டுடியோக்களின் அலமாரிகள் அப்படித்தான் காலியாயின. அதற்கும் முந்திய கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து சாமி படத்துக்குக் கண்ணாடியாகப் போட்டவர்களும் உண்டு. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. வாடகை கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்.

அப்படித் தப்பியவற்றைத் தேடி இப்போது படித்தவர்கள் வருகிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. நாற்காலியில் விறைத்து உட்கார்ந்த தாத்தா, பக்கத்தில் நின்ற பாட்டி, பின்னால் வரைந்த திரைச்சீலையில் மாளிகைப்படி. எடுத்தவர் அதை ஆராய்ச்சிக்காக எடுக்கவில்லை, அன்றைய அரிசிக்காக எடுத்தார். சினிமாவில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்று ஒருவர் இருந்தார், 2016-ல் காலமானார். படம் எடுப்பதில் ஆசை கொண்டு வந்தவர். கையில் கிடைத்த ஸ்டில்களையும் பாட்டுப் புத்தகங்களையும் குறிப்புகளையும் விடாமல் சேர்த்து வைத்தார். தமிழ் சினிமா வரலாறு எழுத உட்காருகிறவர்கள் அவர் சேர்த்ததைத் தொடாமல் எழுத முடியாது. அந்த நாளில் ஸ்டில் என்பது படம் ஓடி முடிந்ததும் குப்பைக்குப் போகிற சாமான்.

நான் சொல்ல வந்தது சரித்திரத்துக்காக அல்ல. எங்கள் ஊரில் படத்தை வைத்திருந்து கொடுப்பதன் அவசரம் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் வரும், சாவு விழுந்த வீட்டில். காரியத்துக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். பீரோவைக் குடைந்தால் இறந்தவரின் படம் ஒன்றும் இருக்காது. ஊர் முழுக்கக் கல்யாணத்துக்குப் போனவர், ஆனால் எல்லா குரூப் போட்டோவிலும் கடைசி வரிசையில் பாதி முகம். அல்லது ரேஷன் கார்டில் இருக்கும், பஸ் பாஸில் இருக்கும், 1993-க்குப் பிறகு என்றால் வாக்காளர் அட்டையில் இருக்கும். அந்த அட்டைப் படம் சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவார்கள். பெரிசு பண்ணுங்க, சட்டையை மாத்துங்க, கோட்டு போடுங்க, பின்னால் நீலம் கொடுங்க. உயிரோடு இருந்தபோது கோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத விவசாயிகளுக்கு நான் நிறையக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறேன்.

ஒருமுறை சுவாமிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அப்பா தவறிப்போய்ப் பத்து நாள் இருக்கும். கையில் எதுவும் இல்லை. "லோனுக்கு மனு கொடுக்கறப்ப உங்க கடையிலதான் எடுத்தாங்க, வருஷம் சரியாத் தெரியல" என்றார். பெயரைச் சொன்னார். நோட்டில் தேடி எடுக்க அன்றைய மத்தியானம் முழுக்க ஆயிற்று. இரண்டு எக்ஸ்போஷர் இருந்தன. ஒன்று பாஸ்போர்ட் படத்துக்கான முகம், உதட்டை இறுக்கி, காதைக் காட்டி. மற்றதில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் போல, மனிதர் முகம் மலர்ந்து சிரிக்கிறார். பல்லெல்லாம் தெரிகிறது. விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்த எனக்கே சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் சின்னதாகப் போட்டு அவரிடம் நீட்டினேன், சிரித்த படத்தை மேலே வைத்து.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே இருந்ததை எடுத்துக்கொண்டார். "இதுதான் எங்க அப்பா. அவரு வீட்டுல இப்படிச் சிரிச்சு நாங்க பார்த்ததில்லை சார்" என்றார். சிரித்த படம் வேண்டாமா என்று கேட்டேன். "அம்மா பார்த்தா சங்கடப்படுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எது நல்ல படம் என்று படிப்புப் படித்தவர்கள் மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த அம்மாள் ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வேன். நம் வேலை இரண்டையும் வைத்திருப்பது. எடுத்துக்கொள்வது அவர்கள் பாடு.

வைத்திருப்பது என்றால் படத்தை மட்டும் அல்ல. பெண் பார்க்க அனுப்பும் படம் எடுக்க வருவார்கள். கூட வந்த அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் வெளுப்பாப் போட்டுக் குடுங்க" என்பார். ஆரஞ்சு ஃபில்டர் போட்டால், கொஞ்சம் பென்சில் டச்சிங் செய்தால் வெளுக்கும். எனக்கு அது பிடிக்காது. நாளைக்கு நேரில் வரப்போகிற மாப்பிள்ளை கண் வைத்திருக்க மாட்டானா? முகப்பரு, அன்றைக்கு விழுந்த காயம் இவற்றை எடுக்கலாம், நிறத்தை எடுப்பது எங்கள் வேலையில்லை. சொல்லிப் பார்ப்பேன். கேட்காதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள், போகட்டும். அந்தப் பெண்ணுக்கு எத்தனை இடம் பார்த்தார்கள், எது தட்டிப்போயிற்று, எத்தனை தடவை அதே படத்தைப் பிரதி கேட்டு வந்தார்கள் என்பது ஸ்டுடியோக்காரனுக்குத் தெரியும். அது டார்க் ரூமைத் தாண்டக்கூடாது. படம் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக அதை ஷோகேஸில் வைப்பதும் கூடாது. வைக்கலாமா என்று கேட்டு, சரி என்று சொன்ன பிறகு வைக்கலாம்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது, இது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நம் நாட்டின் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு. காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. ஷட்டரை அழுத்திய விரல் நம்முடையது, படம் அவர்களுடையது. கல்யாணப் பெண்ணின் படத்தைத் தன் விளம்பரத்துக்குப் போட்டுக்கொண்டு, "நான் எடுத்ததுதானே" என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

கல்யாணத்தைப் பற்றி எழுதப் போனால் ஒரு புத்தகமே ஆகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரோல் ஃபிலிமில் பன்னிரண்டு படம். முகூர்த்தம் நெருங்கும்போது கேமராவில் இரண்டு மூன்று பாக்கி இருக்கும். நல்ல வேலைக்காரன் அதை அப்படியே சுற்றி எடுத்துவிட்டுப் புது ரோலை மாட்டிக்கொள்வான். கெட்டிமேளம் ஆரம்பித்ததும் அட்சதை பறக்கும், பத்துக் கை குறுக்கே வரும், நாத்தனார் முடிச்சுப் போடக் குனிவார், ஃபிளாஷ் மறுபடி ஏறச் சில விநாடி ஆகும். அதற்குள் ரோல் தீர்ந்தால் தீர்ந்ததுதான், இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா? வீணாய்ப்போன அந்த இரண்டு மூன்று படத்தின் காசு நம் கையிலிருந்து போகும். பில்லில் எழுத முடியாது. கல்யாண வீட்டாருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. சரியான வேலை என்று நான் மதிப்பது பெரும்பாலும் இப்படிப் பில்லில் ஏறாதவைதான்.

என் அண்ணன் மகள் இப்போது இந்தத் தொழிலில் இருக்கிறாள். கல்யாணம், வளைகாப்பு, பிறந்த குழந்தை என்று ஓடுகிறாள். நான்கு பேர் கொண்ட குழு. இரண்டு கார்டு போடும் கேமரா, எடுக்கும்போதே இரண்டிலும் பதிவாகிறது. ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இறக்கிவிட்டுத்தான் படுக்கிறாள். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாவது பிரதி திருச்சியில் அவள் மாமியார் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எங்கள் காலத்தில் கடை எரிந்தால் எல்லாம் போச்சு. இந்த விஷயத்தில் இவர்கள் எங்களைவிட ஒரு படி மேல், இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இவர்களுக்கு வேறு ஒரு வாளி இருக்கிறது. வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்வார். அதில் அனுப்பினால் படம் சுருங்கிப் போகிறது, போனில் பார்க்க அழகாய்த்தான் இருக்கும். அவரும் அதையே வைத்துக்கொண்டு, கொடுத்த பென் டிரைவை எங்கோ போட்டுவிடுவார். பல வருஷம் கழித்து ஒரு நாள் அதைப் பெரிசு பண்ண வேண்டி வரும், மூக்கும் வாயும் கட்டம் கட்டமாக உடையும். ஹார்ட் டிஸ்கும் சாகாவரம் வாங்கிவந்த சாமான் இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை புதியதற்கு மாற்ற வேண்டும், அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவை யார் தருவது?

இதில்தான் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம். "சித்தப்பா, நீங்க அலமாரில வச்சீங்க, சரி. நான் ஒரு கல்யாணத்துக்கு எடுக்கறது ஆயிரக்கணக்குல. எல்லாத்தையும் ஆயுசுக்கும் நான் எப்படி வச்சிருக்க முடியும்? யாரும் அதுக்குக் காசு தர்றதில்லை" என்றாள். நியாயமான கேள்விதான். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். ஒப்பந்தத்தைக் காட்டினாள். முன்பணம், நேரம், சாப்பாடு, ஆல்பம் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் கீழே, தமிழில், பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறாள்: படங்கள் ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு வருஷம் எங்களிடம் இருக்கும், அதற்குப் பிறகு எங்கள் பொறுப்பில்லை. அதை வாயாலும் சொல்லி, அந்த வரிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கையெழுத்து வாங்குகிறாளாம்.

எனக்கு மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். ஆல்பம் போட்டாலும் போடாவிட்டாலும், மணமக்கள் தனியாக இருக்கும் படம் ஒன்று, இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன் படம் ஒவ்வொன்று, வீட்டுப் பெரியவர் யார் வந்திருந்தாலும் அவர் தனியாக இருக்கும் படம் ஒன்று, இவற்றை நல்ல பேப்பரில் பிரின்ட் போட்டுக் கவரில் வைத்துக் கொடு என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பிரின்ட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று போனில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பேக்கேஜில் சேர்த்தால் விலை கூடும், கூடினால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்றாள். கூட்டாதே, உன் லாபத்தில் கழித்துக்கொள் என்றேன். "உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்று சொல்லிவிட்டு, தாத்தா பாட்டி படத்துக்கு மட்டும் முதலில் சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள்.